முழுசாக உறையக் கூடாது

சித்திரை பிறந்துவிட்டால் இரண்டு புகார்கள் காதில் விழ ஆரம்பிக்கும். ஒன்று வீட்டில் போட்ட குல்ஃபியைப் பற்றி: "பாலும் சர்க்கரையும் நல்லாத்தான் போட்டேன். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்தா கரண்டி வளையுது, அது அசைய மாட்டேங்குது." இன்னொன்று கடையில் வாங்கியதைப் பற்றி: "கீரனூர்ல வாங்கி பஸ்ல கொண்டாந்து ஃப்ரீசர்ல வெச்சேன். மறுநாள் தின்னா வாயில நறநறங்குது." டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது பிடிபட்டுவிட்டால் குன்றாண்டார்கோவிலில் இருந்தபடியே, புதிதாக ஒரு சாமானும் வாங்காமல், கடைக்குச் சளைக்காத ஐஸ்கிரீம் போடலாம்.

பஸ்ஸில் வந்த பெட்டியை முதலில் பார்ப்போம். ஐஸ்கிரீம் முழுசாக உறைந்த பொருள் இல்லை. பொடிப்பொடியான பனித் துகள்கள், அவற்றுக்கு நடுவே உறையாமல் நிற்கும் கெட்டிப் பாகு, கொழுப்புத் துளிகள், காற்றுக் குமிழ்கள் என்று நாலும் சேர்ந்துதான் அது. பனித் துகள் பொடியாக இருக்கும்வரை நாக்குக்கு வழவழப்புத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டிப் பெருத்தால் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். கீரனூரிலிருந்து கிழக்கே பஸ் வருகிற நேரத்தில் பெட்டி ஓரமெல்லாம் இளகுகிறது. சின்னத் துகள்கள் முதலில் கரைகின்றன. வீட்டில் திரும்ப ஃப்ரீசரில் வைத்ததும் அந்தத் தண்ணீர் பழையபடி சின்னத் துகளாக மாறுவதில்லை. கரையாமல் தப்பித்த பெரிய துகள்களின் மேலேயே போய் ஒட்டி உறைகிறது. பெரியது இன்னும் பெரிதாகிறது, அதுதான் அந்த நறநறப்பு. எத்தனை நாள் ஃப்ரீசரில் வைத்தாலும் அது சரியாகாது.

வீட்டுக் குல்ஃபி இறுகிப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அதில் தண்ணீர் அதிகம், தண்ணீரைத் தடுக்கிற ஆள் குறைவு. ஒரு லிட்டர் பாலில் சுமார் 870 கிராம் தண்ணீர்தான். அதை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் கிடைப்பது பால் வாசனையுள்ள பனிக்கட்டி.

தண்ணீரைத் தடுப்பது யார் என்பதை எல்லோரும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறோம். குச்சி ஐஸை உறிஞ்சுங்கள். முதலில் கலரும் இனிப்பும் மொத்தமாக வாய்க்கு வந்துவிடும். கடைசியில் குச்சியில் மிஞ்சுவது வெள்ளையான, ருசியில்லாத பனிக்கட்டி. ஐஸ்காரர் கலரையும் சர்க்கரையையும் தண்ணீர் முழுக்கக் கலந்துதான் ஊற்றினார், பிறகு எப்படிப் பிரிந்தது? உறையும்போது தண்ணீர் தன்னந்தனியாகத்தான் உறையும். சர்க்கரையையும் கலரையும் வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்ட பாகு பனித் துகள்களின் சந்துபொந்துகளில் உறையாமல் நிற்கும். நாம் உறிஞ்சி எடுப்பது அந்தப் பாகைத்தான்.

தண்ணீர் உறைவது ரேஷன் கடையில் வரிசை கட்டுகிற வேலை. ஒவ்வொரு அணுக்கூட்டமும் தன் இடத்தில் போய் ஒழுங்காக நின்றால்தான் பனிக்கட்டி. சர்க்கரை நடுவில் புகுந்து நின்றால் வரிசை கட்டுவது தாமதமாகும், இன்னும் குளிர வேண்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை கரைத்தால் அது பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, இன்னும் ஒரு டிகிரி கீழே போன பிறகுதான் உறையத் தொடங்கும். ஒரு டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் தண்ணீர் உறைந்து விலகியதும் மிச்சமுள்ள பாகு முன்பைவிடக் கெட்டியாகிறது. கெட்டியான பாகு உறைய மேலும் குளிர் வேண்டும். அது கொஞ்சம் உறைந்தால் மிச்சம் இன்னும் கெட்டி. இப்படியே போய், மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில்கூட நல்ல ஐஸ்கிரீமில் கால்வாசித் தண்ணீர் உறையாமலே நிற்கிறது. கரண்டி இறங்குவது அந்தக் கால்வாசியின் புண்ணியத்தில்தான். உறைய வைப்பதை ஃப்ரீசர் பார்த்துக்கொள்ளும். முழுசாக உறையாமல் காப்பதுதான் நம் கைவேலை.

"அப்படின்னா சர்க்கரையக் கூட்டிக்கிட்டே போனா இன்னும் மெத்துன்னு வருமா?" வரும், ஒரு அளவுக்கு மேல் போனால் கூழாகவே நின்றுவிடும். கலவையின் எடையில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது ருசி பார்த்தால் இனிப்பு ஒரு பிடி தூக்கலாகத்தான் தெரிய வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான்.

சாக்கரின் போட்ட ஐஸ் ஏன் அவ்வளவு இறுகலாக இருக்கிறது என்பதும் இப்போது விளங்கும். இனிப்புக்குச் சிட்டிகை சாக்கரின் போதும், ஆனால் தண்ணீரின் வரிசையைக் கலைக்க அந்தச் சிட்டிகை போதாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீமை மெத்தென்று ஆக்குவதே சர்க்கரைதான் என்பதால் 'சர்க்கரை இல்லாத மெத்து ஐஸ்கிரீம்' என்று வீட்டில் எதுவும் சுலபமாக வராது. வெல்லமோ கருப்பட்டியோ போட்டாலும் அது சர்க்கரைதான். ஆசைக்கு இரண்டு கரண்டி சாப்பிட்டு நிறுத்திக்கொள்வது தவிர குறுக்கு வழி இல்லை.

சர்க்கரைக்கு அடுத்த ஆள் பால். இங்கே நம் பழக்கமே வழிகாட்டுகிறது: சுண்டக் காய்ச்சுவது. பால் சுண்டும்போது ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். இல்லாத தண்ணீர் உறைய முடியாது. கொழுப்பும் புரதமும் பாலின் சொந்தச் சர்க்கரையும் அப்படியே நின்று, மிச்சத் தண்ணீரைப் பெரிய துகளாக வளர விடாமல் இடையில் நிற்கும். கடைகிற எந்திரமே இல்லாமல் குல்ஃபி வழவழப்பாக வருவது இப்படிச் சுண்டுவதால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. ஆரஞ்சு ஆவின் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு. ஒரு லிட்டரை 600 மில்லியாகச் சுண்ட வைத்தால் கொழுப்பு 10 சதவீதம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு பொருளை 'ஐஸ்கிரீம்' என்று விற்க அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். சர்க்கரை சேர்த்தால் கொஞ்சம் இறங்கும், ஆனாலும் அடுப்படியிலேயே அந்தக் கோட்டை நெருங்கிவிட்டோம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. பெட்டியில் அப்படித்தான் அச்சிட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி. அதாவது ஒரு லிட்டர் பெட்டியின் எடை அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலே போதும், மீதி காற்று. காற்று கெட்டதில்லை, அதுவும் மெத்தென்று ஆக்கத்தான். ஆனால் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்திருப்பது நல்லது.

சரி, செய்முறை. அடி கனமான பாத்திரத்தில் ஒரு லிட்டர் கொழுப்புப் பாலை மிதமான தீயில் வையுங்கள். ஓரத்தில் படிகிற ஆடையை அவ்வப்போது சுரண்டி உள்ளே தள்ளுங்கள். 600 மில்லிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போது ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், துகள் பெருக்காது. 100 கிராம் சர்க்கரை, இரண்டு ஏலக்காய். ஆதனக்கோட்டை முந்திரி பக்கத்திலேயே கிடைக்கும்போது அதை விடலாமா? ஒரு கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து நைசாக அரைத்துச் சேருங்கள். முந்திரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்புத்தான். வெல்லம் போடுவதாக இருந்தால் பால் நன்றாக ஆறிய பிறகே பாகாக்கி வடிகட்டி ஊற்றுங்கள். கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும்.

கலவை ஆறியதும் நேராக ஃப்ரீசருக்கு அனுப்பாதீர்கள். முதலில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மணி நேரம் குளிரட்டும். எவ்வளவு வேகமாக உறைகிறதோ அவ்வளவு பொடியாகத் துகள் பிறக்கும். மெதுவாக உறைந்தால் கொஞ்சம் துகள்களே பிறந்து ஒவ்வொன்றும் பெருக்கும். அதனால் பெரிய டப்பா வேண்டாம். சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, மூடி, ஃப்ரீசரின் தரையைத் தொட்டபடி வையுங்கள். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் சீக்கிரம் குளிரை வாங்கும்.

இந்த ஊருக்கென்று ஒரு குறிப்பு. பகல் முழுக்கக் காய்ந்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். குன்றை ஒட்டிய வீட்டுச் சுவர்களும் அப்படித்தான். பிரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கிற சூட்டை அறைக்குள்தான் வெளியேற்ற வேண்டும். அறையே கொதித்தால் அது திணறும். ஒற்றைக் கதவு பிரிட்ஜ்கள் பலவற்றின் ஃப்ரீசர் மைனஸ் 18 வரை இறங்குவதும் இல்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது டம்ளர்களை உள்ளே வையுங்கள், விடியும்வரை கதவு திறக்கப்படாது.

பாலே வேண்டாம் என்பவர்களுக்கு வாழைப்பழம் இருக்கிறது. இதற்கு அரைமணி நேர வேலைகூட இல்லை. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பாருங்கள். அந்தப் பருவத்தில்தான் மாவெல்லாம் சர்க்கரையாக மாறியிருக்கும். பூவன் என்றால் லேசான புளிப்பு, கற்பூரவல்லி என்றால் நல்ல தித்திப்பு. வட்ட வட்டமாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஐந்தாறு மணி நேரம் உறைய விடுங்கள். எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். முதலில் ரவை ரவையாக உடையும், எல்லோரும் இந்த இடத்தில்தான் பயந்து தண்ணீர் ஊற்றிக் கெடுப்பார்கள். ஊற்ற வேண்டாம். ஓரத்தை வழித்துவிட்டு மேலும் சுற்றினால் திடீரென்று திரண்டு வழவழவென்று ஏறிவரும். பழத்திலுள்ள சர்க்கரை உறைதலைத் தடுக்கிறது, பெக்டின் என்ற பசை தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, மிக்சியின் கத்தி காற்றை அடித்து ஏற்றுகிறது. ஐஸ்கிரீமுக்கு வேண்டிய எல்லாம் ஒரு பழத்துக்குள்ளேயே இருக்கிறது. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மிக்சியே போதும். மோட்டார் சூடாகாமல் பத்து விநாடி ஓட்டம், கொஞ்சம் ஓய்வு என்று சுற்றினால் சரி. அரைத்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

பலாவுக்கும் இதே வழி, ஒரு படி கூடுதல். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துப் பலா நம் மாவட்டத்துச் செல்வம். கொட்டை நீக்கிய சுளை இரண்டு கப், தேங்காயின் முதல் பால் ஒரு கப், வடிகட்டிய வெல்லப் பாகு நாலு கரண்டி, உப்பு ஒரு துளி. நைசாக அரைத்து அகலத் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். முக்கால் பதம் உறைந்ததும் பெயர்த்தெடுத்து மிக்சியில் மறுபடி ஒரு சுற்று, திரும்ப ஃப்ரீசர். இரண்டாவது அரைப்பில் வளர்ந்த துகள்கள் எல்லாம் உடைந்துவிடும். கடைகிற எந்திரம் செய்கிற வேலையை இந்த இரண்டு அரைப்பு செய்துவிடுகிறது. மாம்பழத்துக்கும் அப்படியே. நுங்கை மட்டும் உறைய வைக்காதீர்கள். அது பெரும்பாலும் தண்ணீர். உறைந்தால் உள்ளே கட்டி, இளகினால் நீர்விட்ட சக்கை. நறுக்கிக் குளிர வைத்து, பரிமாறும்போது மேலே போடுங்கள்.

"பிரிட்ஜே இல்லைன்னா?" அல்லது கரண்ட் இல்லையென்றால்? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்த பிறகு இந்த மாவட்டத்தில் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஐஸ்கிரீம் பிறந்தது கரண்ட் இல்லாத காலத்தில். அதற்கு வேண்டியது ஐஸும் கல்லுப்பும்தான்.

சர்க்கரை செய்கிற வேலையை உப்பு பலமடங்காகச் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சர்க்கரை ஒரு டிகிரி இறக்குகிறது என்றேன். அதே 200 கிராம் உப்பு சுமார் 13 டிகிரி இறக்கும். உப்பின் துகள் சிறியது, தண்ணீரில் விழுந்ததும் இரண்டாகவும் பிரியும், எனவே குறுக்கே நிற்கிற ஆட்கள் அதிகம். ஐஸ் மேல் உப்பைத் தூவினால் ஐஸ் உருகத் தொடங்குகிறது. உருகுவதற்கு ஒரு கிராம் ஐஸுக்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதை எங்கிருந்து எடுக்கும்? பக்கத்தில் இருப்பதிலிருந்து. அதனால் உருகிக்கொண்டே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறது. சரியான அளவில் கலந்தால் மைனஸ் 21 டிகிரி வரை போக இடமுண்டு. வீட்டில் மைனஸ் 15 தொட்டாலே நம் வேலை முடிந்தது.

1843-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி, கையால் சுற்றுகிற ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே மரவாளியில் ஐஸும் உப்பும், உள்ளே மூடிய பாத்திரம், அதற்குள் துடுப்பு. அவ்வளவுதான் அந்த எந்திரம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் சென்னைக் கடற்கரையில் டியூடர் கம்பெனி 1842-இல் ஐஸ் ஹவுஸைக் கட்டியது. குளிர்காலத்தில் அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து அங்கே வைத்து விற்றார்கள். இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்கார துரை வீட்டுக்கு மட்டும் கடல் கடந்து வந்த சரக்கு இப்போது பக்கத்து டவுனில் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

நம் வீட்டில் துடுப்பு வேண்டாம், தூக்குவாளி போதும். ஒரு பங்கு கல்லுப்புக்கு மூன்று பங்கு ஐஸ், எடைக் கணக்கில். ஐஸைச் சுத்தமான சாக்கில் போட்டு உலக்கையால் நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். ஒரு குண்டானில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் மூடிபோட்ட எவர்சில்வர் தூக்குவாளியைப் பதியுங்கள். உள்ளே அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், பாதி வாளி காலியாக இருக்கட்டும். கலவை முன்பே ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். குண்டானைச் சுற்றி வைக்கோலோ பழைய சாக்கோ சுற்றினால் வெயில் உள்ளே புகாது. வாளியின் பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து, பக்கவாட்டில் உறைந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளுங்கள். சுவரில் ஒட்டியதும் சுரண்டிவிடுவதால் எந்தத் துகளுக்கும் வளர நேரம் கிடைக்காது. அரைமணி, முக்கால் மணியில் கெட்டிப்பட்டுவிடும். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் வரிசை வைத்துத் திருப்புவார்கள். ஆனால் உப்பு கலந்த ஐஸை வெறுங்கையால் அள்ள விடாதீர்கள், தோல் பொத்துப்போகும் அளவுக்குக் குளிர் அது. மிஞ்சுகிற உப்புத் தண்ணீரைத் தென்னைக்கோ முருங்கைக்கோ ஊற்ற வேண்டாம்.

வெளிக் குண்டானுக்கு எந்த ஐஸும் ஆகும், மீன் வண்டி ஐஸ்கூட. உள்ளே போவது மட்டும் காய்ச்சிய பால், குடிக்கிற தண்ணீர். சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. நிறமில்லாததெல்லாம் சுத்தம் என்று அதற்குப் பொருளில்லை. அதேபோல, கரண்ட் போய் முழுக்க உருகி வெகுநேரம் கிடந்த பால் ஐஸ்கிரீமைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். குளிர் கிருமியைத் தூங்க வைக்கும், கொல்லாது.

இதையெல்லாம் சூட்டைத் தணிக்கிற மருந்தாக நினைக்க வேண்டாம். 100 கிராம் ஐஸ் உருகி உடம்புச் சூட்டுக்கு வர சுமார் 12 கிலோகலோரி எடுத்துக்கொள்ளும். 100 கிராம் ஐஸ்கிரீம் நமக்குக் கொடுப்பதோ 200 கிலோகலோரி. நாக்கு குளிரும், அவ்வளவுதான். வயலிலிருந்து வருகிறவருக்கு முதலில் உப்புப் போட்ட நீர்மோர், பிறகு குல்ஃபி.

"பத்து ரூபாய்க்குக் கடையில கெடைக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" பாலை எவ்வளவு சுண்ட வைக்க வேண்டும், இனிப்பு எவ்வளவு, எந்தத் தோப்புப் பலா என்று முடிவு செய்வது நீங்களாக இருப்பீர்கள், அதற்குத்தான். முதல் தடவை வாழைப்பழத்தில் கை பழகுங்கள், செலவும் இல்லை, தோற்கவும் வழியில்லை. அடுத்து குல்ஃபி. இறுகிவிட்டால் அடுத்த தடவை இன்னும் சுண்ட வையுங்கள், சர்க்கரை ஒரு கரண்டி கூட்டுங்கள். உறையாமல் கூழாக நின்றால் சர்க்கரையைக் குறையுங்கள். நறநறத்தால் சின்ன டம்ளருக்கு மாறுங்கள், நன்றாகக் குளிர வைத்து ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். இந்த மூன்றையும் தாண்டி நாலாவதாக ஒரு கோளாறு அநேகமாக வராது.